தேரா துறையில் ஒரு குர்மாப் பொட்டலம்

ஆசிரியர் தேர்வில் மூன்றாவது முறையாகத் தோற்றபிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கைபேசி அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். யார், எதற்கு என்றெல்லாம் இல்லை. சிலிண்டர்க்காரர் அடித்தாலும் அதே தலையணைதான். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. விடிய விடியப் பேருந்துகள் யாரையாவது எங்காவது ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். நான் மட்டும் ஒரு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

ஷமீமா கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துப் பெண். கல்யாணமாகி, நான்கு மாதக் கைக்குழந்தையோடு துபாயில் தேரா பகுதியில் இருக்கிறாள். அவள்தான் கூப்பிட்டாள். "ரூமுக்குள்ள படுத்துக்கினு ஃபேனப் பாக்குறதுக்கு இங்க வந்து கடலப் பாருடி. பழைய துறைமுகம், பழைய கோட்டை, பழைய பஜாரு. உனக்குப் புடிச்சது எல்லாமே பழசுதானே?"

உண்மைதான். முதுகலை வரலாறு படித்த இரண்டு வருடமும் மரக்காணம் எந்தக் காலத்துத் துறைமுகம் தெரியுமா, அங்கே என்னென்ன இறங்கியது தெரியுமா என்று வகுப்பையே வாட்டி எடுத்தவள் நான். இன்றைக்கும் மரக்கலங்கள் சரக்கு ஏற்றும் ஒரு துறையைக் கண்ணால் பார்க்கலாம் என்றதும் ஒரு மாதத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

கோட்டக்குப்பத்தில் வெளிநாடு போவதைச் சபுர் என்பார்கள். ஒருவர் சபுர் கிளம்பினால் அவருடைய பெட்டியில் அவருக்கு இடம் கிடையாது. தெருவே வந்து ஆளுக்கொரு பொட்டலம் வைக்கும். எனக்கும் அதுதான் நடந்தது. ஷமீமாவின் அம்மா குழந்தைக்குத் துணிமணியும் வசம்பும் கொடுத்தனுப்பினார். என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று என் அம்மாவுக்கு போனில் ஒரு பட்டியலும் சொன்னார். அம்மா அதை நின்றபடியே கேட்டுக்கொண்டாள். நான் கேட்கவில்லை. நான் அப்போது துபாய் வரைபடத்தில், கடல் ஒரு விரல்போல ஊருக்குள் நுழையும் இடத்தில் இருந்தேன்.

அம்மா தன் பங்குக்கு எங்கள் நிலத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உரித்து இரண்டு கிலோ வைத்தாள். கேப்பை மாவு வைத்தாள். பிள்ளை பெற்றவள் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று சொந்தக் கையால் வறுத்து அரைத்த குர்மாப் பொடியும் ஒரு கிலோ வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கினேன். விமான நிலையத்தில் சீருடைக்காரர் ஒருவர் என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், போகச் சொல்லிக் கையசைத்தார். நான் அவருக்குப் பல் தெரியச் சிரித்து வணக்கம் வேறு சொன்னேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே காற்று, ஓடி நின்ற பேருந்தின் இன்ஜின் பக்கம் நிற்பதுபோல வீசியது. ஷமீமாவின் வீடு நான்காவது மாடி. ஒரே அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவளும் குழந்தையும் அவள் கணவர் அன்வரும். அன்வர் கைபேசிக் கடையில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க எங்கள் வீட்டு அடுப்படி வாசனை. ஷமீமா பொடியை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "உங்க அம்மாகிட்ட மட்டும்தாண்டி இந்தக் கெட்டி வரும். எங்க அம்மா குர்மா தண்ணியா ஓடும்."

அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் சலீம் வந்தார். ஒன்பது வருடமாகத் துறையில் லாரி ஓட்டுகிறார். நல்ல உயரம். உட்கார்ந்தால் அறை சிறுத்துவிடும். வந்ததும் மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தேனு, ஊருல இருந்து மல்லாட்டை எல்லாம் வருது, ஆசிரியை அம்மா எப்ப வர்றாங்க?"

ஷமீமா முறைத்தாள். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. தோற்றதைப் பற்றி ஒரு மாதமாக எல்லாரும் காதுக்குள் குசுகுசுவென்று பேசிய பிறகு, முகத்துக்கு நேரே ஒருவர் கேட்டது நன்றாக இருந்தது.

அவருக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. புதுத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆறு மாதமாகத் தினமும் வேலை முடிந்தபின் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். தரையில் வைத்திருக்கும் மாதிரிக் கூண்டில் ஓட்டிக் காட்டியும் தேறிவிட்டார். வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனை, ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். அது முடிந்தால் வேலை. அந்த உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் கப்பல் எல்லாம் தீப்பெட்டிபோலத் தெரியும் என்று கையை விரித்துக் காட்டினார். சம்பளம் கூடும், மனைவியையும் மகளையும் இங்கே கூட்டிக்கொள்ளலாம். மகளுக்கு ஆறு வயது. அவர் அவளோடு சேர்ந்து இருந்தது மொத்தமாக ஐந்து மாதம்.

கிளம்பும்போது ஷமீமா அவருக்குப் பாதி குர்மாப் பொடியைக் கட்டிக்கொடுத்தாள். "எங்க ரூம்ல ஒரு கடலூர்க்காரன் ஆக்குறான். சுடுதண்ணியில மொளகாப்பொடியக் கரைச்சி ஊத்திட்டு குர்மான்றான். இன்னிக்கி அவனுக்குக் காட்டுறேன்" என்று பொட்டலத்தைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை. நான் தனியாகவே ஊர் சுற்றக் கிளம்பினேன். ஷமீமாவால் வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது.

அந்தக் காலையை நான் குறை சொல்லவே மாட்டேன். கடல் ஊருக்குள் நுழைந்து வளைந்து கிடக்கிறது, அதற்குப் பேர் கிரீக். அகலம் என்னவோ எங்கள் ஊர்க் கிடங்கல் ஏரி அளவுதான். ஆனால் அதன்மேல் எத்தனை போக்குவரத்து! அப்ரா என்ற மரப்படகுகள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஷேர் ஆட்டோபோல ஓடுகின்றன. நடுவில் ஒரு பலகை, முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவேண்டும், ஆள் நிறைந்ததும் கிளம்பும். கம்பி கிடையாது, பிடி கிடையாது. படகோட்டி ஒரு பள்ளத்தில் நின்றுகொண்டு காலால் சுக்கானைத் திருப்புகிறார். நான் சும்மாவே இரண்டு முறை போய்வந்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிலிப்பினோ அம்மாள் கரை வந்தும் நான் இறங்காததைப் பார்த்து, வழி தவறிவிட்டாயா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். இல்லை, பிடித்திருக்கிறது என்றேன். இதில் பிடிக்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார். தினமும் வேலைக்குப் போகிறவர்.

கரையோரம் ஒரு கடையில் பரோட்டாவுக்குள் முட்டையும் சிப்ஸும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஏலக்காய் மணக்கும் கெட்டித் தேநீர். நின்றபடியே சாப்பிட்டேன். ஒரு மாதமாக அடைந்துகிடந்த நெஞ்சில் ஏதோ ஒரு கதவு லேசாகத் திறந்தது.

அங்கிருந்து மசாலாச் சந்தை. குறுகலான சந்து, மேலே மரக்கூரை, இருபக்கமும் வாய் திறந்த மூட்டைகள். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நடப்பதுபோலத்தான், ஆனால் நிறம் அதிகம். குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, சாம்பிராணிக் கட்டி, நம் மிளகு, நம் மஞ்சள், நம் ஏலம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கப்பல் பட்டியல் ஒன்று உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே போனேன். பரீட்சைக்குப் படித்தபோது வராத சந்தோஷம் அது. நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ள எல்லாமே இருந்தது. ஒன்றைத் தவிர.

ஒரு கடையில் வயதான மலையாளி உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியும் என்றார். நான் உரக்கக் கேட்டேன். "எல்லாம் இருக்கு. கசகசா மட்டும் காணோமே?"

அவர் எழுந்து மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். சந்தின் இருமுனையையும் பார்த்தார். பிறகு மலையாளமும் தமிழும் கலந்து மெல்லச் சொன்னார். நான் புரிந்துகொண்டது இது: "மகளே, அந்தப் பேரை இங்கே சத்தமாகச் சொல்லாதே. இங்கே அது மளிகை இல்லை. கஞ்சா, அபின் எந்தக் கணக்கோ அந்தக் கணக்கு. தெரியாமல் பையில் கொண்டுவந்து உள்ளே போனவர்கள் உண்டு. தின்றால்கூட மூத்திரத்தில் காட்டிக்கொடுக்கும்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிரியாணிக்குப் போடுகிற கசகசா! அம்மாவிடம் சொன்னால் வாய்பிளப்பாள் என்று சந்தைவிட்டு வெளியே வந்து, நிழலில் நின்று போன் போட்டேன். கதைபோல விஸ்தாரமாகச் சொன்னேன்.

அம்மா அசரவில்லை. "அதான் தெரியுமே. ஷமீமா அம்மா சொல்லிச்சே, கசகசா கூடாதுன்னு."

"நல்லவேளைம்மா, நீ வைக்கல."

"வைக்காம? குர்மாவுக்குக் கெட்டி எங்கிருந்து வரும்? வெதையா கொண்டுபோனாதான் தப்பு. அவங்க ஊரு மண்ணுல வுழுந்து மொளைச்சிடும்னு பயம். நான் நல்லா செவக்க வறுத்து, நைசா அரைச்சிதான் போட்டிருக்கேன். வறுத்த வெதை எங்கயாச்சும் மொளைக்குமா?"

எங்கள் வீட்டில் அடுத்த பட்டத்துக்கான மல்லாட்டை விதையை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவைப்பவள் அவள். விதை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். தடை என்று யாரோ சொன்னதை, தனக்குத் தெரிந்த விவசாயத்தை வைத்துத் தீர்த்துவைத்துவிட்டாள்.

நான் போனை வைத்துவிட்டேன். சீருடைக்காரருக்குச் சொன்ன வணக்கம் நினைவுக்கு வந்தது.  என் பேர் ஒட்டிய பெட்டி. ஒரு கிலோ பொடி. எவ்வளவு போட்டிருப்பாள்? கெட்டியாக வருகிற அளவுக்கு. கைபேசியில் தேடிப் பார்த்தேன். மலையாளி சொன்னது சரிதான். தேடி முடித்தபிறகுதான், இதைத் தேடியதே எங்காவது பதிவாகியிருக்குமோ என்று இன்னொரு பயம் பிடித்தது.

அதற்கப்புறம்தான் சலீம் அண்ணன் நினைவுக்கு வந்தார். நாளைக்கு அவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை.

ஷமீமாவுக்கு அடித்தேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "அந்தப் பொடியில அது இருக்குடி" என்றேன். எது என்றாள். "வெள்ளையா, பொடிசா" என்றேன். சொன்னபிறகு, ஒட்டுக்கேட்கிறவன் காதில் இது இன்னும் மோசமாக விழும் என்று உறைத்தது. அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நல்லவேளை, பால் கொடுப்பதால் அவள் காரம் தொடவில்லை, அன்வரும் இன்னும் சாப்பிடவில்லை. பொடி முழுவதையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாளாம். வாளி வாளியாக ஊற்றியும் வாசனை போகவில்லை. எதிர்வீட்டுப் பாகிஸ்தானி அம்மாள் கதவைத் தட்டி, இன்றைக்கு என்ன விசேஷச் சமையல் என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

"அண்ணனுக்கு அடிச்சிக்கினே இருக்கேன், எடுக்கல" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "லாஞ்சு நிக்கிற எடத்துலதான் லோடு ஏத்திக்கினு இருக்கும். கரையோரமாவே நட. சாப்பிடறதுக்குள்ள புடிச்சிடு தேனு."

மரக்கலங்களை அங்கே லாஞ்சு என்கிறார்கள். நேற்றுவரை நான் பார்க்க ஏங்கிய இடம் அது. நடந்தேன், பிறகு ஓடினேன். ஓடினால் சந்தேகம் வரும் என்று மறுபடி நடந்தேன். எதிரே இரண்டு காவலர்கள் வந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் கிளம்பத் தயாராக ஓர் அப்ரா நின்றது. யோசிக்காமல் அதில் குதித்துவிட்டேன்.

படகு நகர்ந்தபிறகுதான் நான் அக்கரைக்குப் போகிறேன் என்று புரிந்தது. லாஞ்சுகள் எல்லாம் இக்கரையில். என் வரிசையில் இரண்டு ஆள் தள்ளிச் சீருடை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடுத்தண்ணீரில் இறங்கி ஓட முடியுமா என்ன? மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். அக்கரை வந்து படகு இடித்ததும் அவர் திடுக்கிட்டு விழித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். சட்டையில் ஏதோ ஓட்டலின் பேர். இரவுக்காவல் முடிந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

திரும்பி இக்கரை வந்து, கரையோரமாக அரைமணி நேரம் நடந்தேன். வெயில் மண்டையைத் துளைத்தது. லாஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி நான்கு வரிசையாகக் கட்டிக்கிடந்தன. நீலமும் பச்சையுமாகச் சாயம், பின்பக்கம் வீட்டு மாடம்போல ஓர் அறை, கொடியில் லுங்கிகள். கரையில் ஃப்ரிட்ஜ், டயர், மெத்தை, வெங்காய மூட்டை எல்லாம் மலையாகக் குவிந்திருந்தன. மாலுமிகள் சரக்கின் நிழலிலேயே படுத்துத் தூங்கினார்கள். இதையெல்லாம் பார்க்கத்தான் வந்தேன். ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

சலீம் அண்ணன் டயர்க் குவியலுக்குப் பக்கத்தில் லாரியின் படிமேல் உட்கார்ந்திருந்தார். கைபேசி உள்ளே சார்ஜில் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். "இன்னா புள்ள, இப்படி வேர்த்து ஊத்துது? வழி வுட்டுட்டியா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

குடிக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன்.  முடிந்ததும் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி மூடினார்.

"நேத்து நைட்டே ஆக்கிட்டோம்" என்றார். "கோழி போட்டு. மிச்சத்த காலைல ரொட்டிக்குத் தொட்டுக்கினேன்."

 தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், காய்ச்சல் என்று சொல்லுங்கள் என்றேன். காய்ச்சல் என்றாலும் அதே கிளினிக்குக்குத்தான் போகவேண்டும், அங்கேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவான் என்றார். சும்மா வராமல் இருந்தால், பரிசோதனைக்குத்தான் பயந்து ஓடினான் என்று நினைப்பார்களாம். காட்டினாலும் காட்டும், காட்டாமலும் போகும், அது யாருக்குத் தெரியும் என்றார். காட்டிவிட்டால் வேலை மட்டும் போகாது, ஜெயில் வரைக்கும் போகும் என்பதை இருவருமே சொல்லவில்லை.

"நான் வந்து சொல்றேன்ணா. எங்க அம்மா தெரியாம அரைச்சிட்டாங்கன்னு சொல்றேன். பொய் இல்லையே, உண்மைதானே."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபமில்லை. குழந்தை கையில் கத்தியைப் பார்ப்பதுபோல.

"சொல்லு. மொதல்ல இன்னா கேப்பான்? அது எப்படி உள்ள வந்துச்சின்னு. யாரு பையில வந்துச்சின்னு. பேரு இன்னா, பாஸ்போர்ட் எங்கன்னு. அதுக்கப்புறம் உங்க அம்மா கதைய யாரு கேக்கப்போறா? நான் ஆம்பள, ஒன்பது வருஷம் இங்க கெடந்தவன். நீ நாலு நாளு ஊரு பாக்க வந்த புள்ள."

அந்த நொடியில் எனக்குள் என்ன வந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். நிம்மதி. இவர் என் பேரைச் சொல்லமாட்டார் என்ற நிம்மதி. அவர் மகளைப் பற்றி எனக்கு அப்போது நினைவு வரவில்லை.

"போ, போய் கோட்டையப் பாரு. நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து லாரியில் ஏறினார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதனை. வீட்டில் இருந்தால் மூச்சுமுட்டும் என்று ஷமீமா என்னைத் துரத்திவிட்டாள். அக்கரையில் பழைய வீடுகள் உள்ள வட்டாரத்துக்குப் போனேன். வீட்டுக்கூரைமேல் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரங்கள், மண்நிறச் சுவர்கள், நிழல் விழும் சந்துகள். ஒரு வழிகாட்டி, முத்துக்குளித்தவர்கள் மூக்கில் மாட்டிக்கொண்ட கிளிப்பைக் காட்டி ஏதோ விளக்கினார். தலையாட்டினேன். மணி பத்து. பத்தேகால். எந்தச் சந்தில் நின்றேன், எந்தச் சுவரைத் தொட்டேன் என்று எதுவும் மனதில் ஏறவில்லை. வரலாறு படித்த காலத்தில் யாராவது இப்படி ஓர் இடத்தைக் காட்டி ஒருநாள் முழுக்கச் சுற்று என்றிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பதினொன்றுக்குக் கைபேசி அடித்தது. அம்மா. "ஷமீமா குர்மா வெச்சாளா? கெட்டியா வந்துச்சான்னு கேளு."

"வந்துச்சிம்மா. தீந்துபோச்சி" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். அடுத்தமுறை இரண்டு கிலோ அரைத்துத் தருகிறேன் என்றாள்.

மதியம் ஷமீமா மீன் பொரித்து வைத்திருந்தாள். இருவரும் முள்ளை எடுப்பதுபோல மீனைக் கிளறிக்கொண்டிருந்தோம். கதவு தட்டப்பட்டபோது அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நான்தான் திறந்தேன். தண்ணீர் கேன்காரர். அவர் கேனை இறக்கிவிட்டுப் போனபிறகும் வெகுநேரம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அன்வர் வந்து சொன்னார். "மச்சான் பேசினாரு. ஒண்ணும் பிரச்சினை இல்லியாம். கிளினிக்குக்கே போவலயாம். அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டாராம்."

எப்படிச் சொன்னார், கம்பெனியில் ஏன் என்று கேட்கவில்லையா என்றேன். அன்வருக்குத் தெரியவில்லை. ஷமீமா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். தூங்கிவிட்ட குழந்தையை எதற்கு இவ்வளவு நேரம் தட்டுகிறாள் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை.

சனிக்கிழமை மாலை எனக்கு விமானம். காலையிலேயே கிளம்பித் துறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டும், எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். லாரியைச் சுற்றி நான்கைந்து பேர் மெத்தைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. என்னைக் கண்டதும் சலீம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. டீ சொல்கிறேன் என்றார்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் குரல்கொடுத்தான். "சலீம் பாய், பாத்து. லாரி ஒசரமா இருக்குது. தலை கிலை சுத்திடப்போவுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். "ஒரு ஸ்டூல் போடுங்கடா பாய்க்கு" என்றான் இன்னொருவன்.

எனக்குப் புரியவில்லை. முதலில் குரல்கொடுத்தவன்தான் அந்தக் கடலூர் சமையல்காரன். நான் ஊர்க்காரப் பெண் என்று தெரிந்ததும் ஆர்வமாகச் சொன்னான். "உங்களுக்குத் தெரியாதாக்கா? பாய் கிரேன் வேலைக்குப் போனாரு. எல்லாத்துலயும் பாஸு. கடேசி நாளு ஆபீசுல போயி, ஒசரம்னா பயமா இருக்குது சார், மேல ஏறினா காலு நடுங்குதுன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. இனிமே இந்த ஊருல எவனும் அவர கிரேன்ல ஏத்தமாட்டான். ஆறு மாசம் படிச்சாரு பாவம், ஏணியப் பாத்ததும் பேதி புடுங்கிக்கிச்சி."

பரிசோதனைக்குப் பயந்ததாக யாருக்கும் தோன்றாத ஒரே வழி. அதை அவர் ஓர் இரவில் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். இவர்களுக்காவது சொல்லவேண்டும், இந்த மனிதர் எதற்கும் பயந்தவர் இல்லை என்று சொல்லவேண்டும். சலீம் அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம். அந்தப் பொட்டலத்தின் கதை ஒருவர் காதில் விழுந்தால் பத்துப்பேர் காதில் விழும். எனக்கு இன்னும் விமானம் ஏறவேண்டியிருந்தது.

"யாருக்குடா பயம்?" என்று அவர் லாரியின் பக்கவாட்டைப் பிடித்து ஏறினார். மெத்தைக் கட்டுகள் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கை வைக்காமல், படி ஏறுவதுபோல ஒவ்வொரு கட்டாக மிதித்து உச்சிக்குப் போனார். அங்கே ஒரு கட்டின் விளிம்பில், பிடி எதுவும் இல்லாமல் நிமிர்ந்து நின்று, கீழேயிருந்து வீசிய கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்தார். அவருக்குப் பின்னால் கிரீக் முழுவதும் வெயிலில் மின்னியது.

"டேய், பாய் காலப் பாருடா" என்று கடலூர்க்காரன் கத்தினான்.

சலீம் அண்ணன் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்காலையும் வேண்டுமென்றே கடகடவென்று ஆட்டிக்காட்டி, அய்யோ என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். கீழே எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

நானும் சிரித்தேன்.